மூன்று பேருக்கு அப்பம்

1

2008 ஜூன் 14, சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். வெளியே பதினொரு பாகை, காற்று மேற்கிலிருந்து. ஐந்து நாற்பதுக்குச் சைக்கிளில் புறப்பட்டு ஆறு மணிக்கு முன் முதியோர் இல்லத்தின் சமையலறையில் நின்றேன். சனிக்கிழமைகளில் காலைக் கஞ்சி என் பொறுப்பு. ஓட்ஸ் ஆளுக்கு நாற்பது கிராம். நேற்றுவரை நாற்பத்திரண்டு பேர். இன்று பலகையில் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. யார் என்று கேட்கவில்லை. 1640 கிராம் நிறுத்துப் போட்டேன்.

பத்தரைக்கு வேலை முடிந்தது. வீட்டில் கொம்யூனிலிருந்து ஒரு கடிதம் வந்து கிடந்தது. இங்கே டென்மார்க்கில் ஊராட்சியை அப்படித்தான் சொல்கிறோம். அகராதியை வைத்து இரண்டு தரம் வாசித்தேன். குப்பைத் தொட்டியின் மூடி சரியாக மூடப்படாவிட்டால் தொட்டி எடுக்கப்படமாட்டாது என்பதுதான் விஷயம். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடம். முத்திரை குத்திய உறையை நான் இன்னும் உட்கார்ந்துகொண்டு திறந்ததில்லை. நின்றுகொண்டுதான் திறப்பேன், கதவுக்குப் பக்கத்தில்.

பிற்பகல் இரண்டு இருபதுக்கு மகள் அபிராமி ஓகூஸ் நகரத்திலிருந்து தொலைபேசி எடுத்தாள். பத்தொன்பது வயது. அங்கே படிக்கிறாள், மாணவர் விடுதியில் ஓர் அறை, ஓர் அடுப்பு. வரவர அவளுடைய அழைப்புகள் சுருங்கிவிட்டன. தமிழில் தொடங்கி டெனிஷில் முடிப்பாள். இன்று ஒரு காரியமாக எடுத்திருந்தாள். அப்பம் சுட வேண்டுமாம், தனக்கு மட்டும்.

"ஒரு ஆளுக்கு எத்தினை கிராம் அப்பா? அம்மாவைக் கேட்டால் கை கண்ட அளவு எண்டுறா. என்ரை கை ஒண்டையும் காணேல்லை."

தாய்க்குக் கிராம் தெரியாது, நீங்கள்தான் எல்லாவற்றையும் நிறுக்கிற ஆள் என்றாள். இந்த நாட்டுச் சமையல் புத்தகங்களில் எல்லாம் கிராம்தான், அவளிடம் தராசும் இருக்கிறது. பிறகு சொன்னாள்:

"வெள்ளவத்தையிலை குசினி அலுமாரிக் கதவிலை ஒரு தாள் ஒட்டியிருந்ததெல்லே? எத்தினை பேருக்கு எவ்வளவு எண்டு. அது மாமா எழுதினது, என்ன? நான் மாமாட்டையே கேக்கட்டோ?"

மாமாவைக் கேட்க வேண்டாம், நான் அனுப்புகிறேன் என்றேன். குரல் சரியாக இருந்ததா என்று தெரியவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு நாட்குறிப்பில் நேரத்தை எழுதினேன். அதற்குமேல் ஒன்றும் எழுத வரவில்லை.

இன்று என்ன திகதி என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குக் காலை ஐந்து பத்திலிருந்தே தெரியும். 1998 ஆம் ஆண்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதே திகதியைத் திருப்பினேன். அன்று ஞாயிறு.

2

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்தது காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடி. ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிக்கும். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு தனியார் மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை செய்தேன். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ், இடையில் சோதனைச் சாவடிகள். அடையாள அட்டை சட்டைப் பையில் இருக்கிறதா என்று நாளுக்கு எத்தனை தரம் தொட்டுப் பார்த்தேன் என்பதை மட்டும் நான் எண்ணி எழுதவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாடு போகக் காத்திருந்த உறவினர்களால் அந்த வீடு ஒரு காலத்தில் நிறைந்திருந்தது. ஆகக் கூடியபோது பதினொரு பேர். கொழும்பில் தமிழர் வீட்டில் தங்குகிற எல்லாரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம் அது; ஒவ்வொருவரையும் நானே பதிந்து, பத்திரங்களின் பிரதிகளைத் திகதி வரிசையில் கோப்பில் வைத்தேன். பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். 1998 மே மாதம் மிஞ்சியது நால்வர்: நான், மனைவி பவானி, ஒன்பது வயது அபி, பவானியின் தம்பி தயாபரன். அபியின் மாமாவான இந்தத் தயாவுக்கு இருபத்துநாலு வயது. அவனுக்கு ஒரு தூதரகத்தில் நேர்முகம் ஜூன் 18 வியாழன் என்று கடிதம் வந்திருந்தது.

ஆட்கள் குறைந்தார்கள், பவானியின் கை குறையவில்லை. அவள் பால்பேணியால், பால் வந்த வெறும் தகரத்தால், அளப்பவள். பதினொரு பேருக்கு எத்தனை பேணி அரிசி மா, எவ்வளவு தேங்காய்ப்பால் என்று கைக்குத் தெரியும். நாலு பேருக்கு என்றால் கொஞ்சம் குறைத்துப் போடுவாள். அந்தக் கொஞ்சம் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு மாதிரி. ஒரு ஞாயிறு அப்பம் கல்லு, மறு ஞாயிறு புளிப்பு. எப்போதும் அரைச் சட்டி மா மிஞ்சும்.

மிஞ்சிய மாவை ஒழுங்கைக் குப்பையில் கொட்ட எங்களுக்குப் பயமாக இருந்தது. நாலு பேர் பதிந்த வீட்டில் எட்டுப் பேருக்கு மா எதற்கு என்று யாராவது கேட்டால்? இன்று இதை எழுதும்போது பைத்தியமாகத் தெரிகிறது. அன்று எல்லாரும் அப்படித்தான் யோசித்தோம். மீன்காரனிடம் மீன் வாங்கும்போதும் பதிவில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினோம். கொடியில் காயும் உடுப்புகளைக்கூட எண்ணினோம்.

ஆகவே நான் நிறுக்கத் தொடங்கினேன். என்னிடம் ஒரு பழைய மருந்துத் தராசு இருந்தது. இரண்டு பித்தளைத் தட்டுகள், ஒரு பெட்டி எடைக்கற்கள், சின்னத் தகட்டு எடைகள். நூறு கிராமுக்கு மேல் தாங்காது. பவானியைப் பதினொரு பேருக்கு அளப்பதுபோல் அளக்கச் சொல்லி, அவள் பேணியில் அள்ளியதை நூறு நூறாக நிறுத்தேன். மூன்று தரம் செய்து சராசரி எடுத்தேன். ஆளுக்கு அரிசி மா நூறு, தேங்காய்த் தண்ணீர் இருபது, சீனி ஐந்து, உப்பு இரண்டு. ஈஸ்ட் பதினொரு பேருக்கு எட்டு கிராம்.

பவானி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பம் சுடப் போறியளோ, ஆருக்கும் வயித்தாலை போறதுக்கு மருந்து கட்டுறியளோ?" என்று கேட்டாள். தயா, தனக்கு ஒரு அப்பம் சாப்பாட்டுக்கு முன், இரண்டு சாப்பாட்டுக்குப் பின் என்று சீட்டு எழுதித் தரும்படி கேட்டான்.

மாவும் உப்பும் வகுத்தபடி குறைந்தன. ஈஸ்ட் குறையவில்லை. நாலு பேருக்கு 2.9 கிராம் என்று கணக்கு சொன்னது. அப்படிப் போட்ட ஞாயிறு மா பொங்கவேயில்லை. சின்னச் சட்டி சீக்கிரம் சூடு இழக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் முயன்று அதை நாலு கிராம் என்று திருத்தினேன். 2.9 ஐ வெட்டி 4 என்று எழுதினேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் கட்டம் போட்டுப் பதிந்து அலுமாரிக் கதவில் ஒட்டினேன். ஆட்கள் தொகை, எடைகள், கரைக்கும் நேரம் 17.00, எடுக்கும் நேரம் 05.00. கடைசி வரி மூன்று பேருக்கு. தயா போன பிறகு தேவைப்படும் என்று எழுதியது. அதில் ஈஸ்ட் 2.2. செய்து பார்க்காத எண் என்பதால் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஈஸ்ட் தனியாக, உப்பும் அப்பச் சோடாவும் சேர்த்துத் தனியாக, மருந்துத் தூள் மடிப்பதுபோல் வெள்ளைத் தாளில் மடித்து, மேலே எண் எழுதி, ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்தேன். அழகாக இருந்தது. எனக்கு அப்போது அப்படித்தான் தோன்றியது.

3

அந்த ஜூன் 14 ஞாயிறு, காலை ஐந்து நாற்பதுக்கு முதலில் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பிறகு எங்களுடையதை. பொலிஸ் மூவர், படிக்கட்டில் இராணுவத்தினர் இருவர். பவானி அப்பம் சுடும் தாச்சியை அடுப்பில் வைத்திருந்தாள். நான் பதிவுப் பத்திரங்கள் இருந்த கோப்பை எடுத்துக் கொடுத்தேன். நால்வருடைய பெயர்கள், திகதி, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. இன்ஸ்பெக்டர் என் வயதுக்காரர். பிரதிகளைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

அவர் குசினிக்குள் தண்ணீர் குடிக்கப் போனார்.

முதலில் தராசைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு மடிப்பைப் பிரித்தார், வெள்ளைத் தூள். பிறகு கதவில் இருந்த தாள். தமிழ் அவருக்கு வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும், அது நகரத்தில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம். எடைகள், ஆட்களின் தொகை, 05.00 என்று அடிக்கோடிட்ட நேரம், வெட்டித் திருத்திய எண், கேள்விக்குறி. அவர் தாளைக் கிழிக்காமல் நகத்தால் நான்கு மூலைகளையும் மெதுவாகக் கழற்றினார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் மருந்தகத்துச் சிங்களம். சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், குலுக்கிவிட்டுக் குடிக்கவும். அதை வைத்து இது ஆப்ப, அப்பம்தான், என்று சொன்னேன். மாச் சட்டியைத் திறந்து காட்டினேன். அவர் மணந்து பார்த்தார். அது ஆப்ப மாதான் என்று அவருக்குத் தெரிந்தது. அதுதான் நிலைமையை மோசமாக்கியது. தன் தாய் தெற்கில் முப்பது வருடம் ஆப்பக்கடை நடத்தியவள் என்றார். அவள் ஒருநாளும் தராசைத் தொட்டதில்லை. ஆப்பத்தை நிறுக்கிற மனிதனைத் தான் இதுவரை கண்டதில்லை என்று மற்ற இருவரிடமும் சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை.

பிறகு தாளை உயர்த்திப் பிடித்துக் கேட்டார். "மேக்க கவுத லிவ்வே?" இதை எழுதியது யார்.

அது என் பேனை, என் எழுத்து. அபி நான் உடுத்திருந்த சாரத்தைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அடுப்பில் தாச்சி காய்ந்து புகைந்தது. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. என் வாழ்க்கையில் நான் நேரம் பார்க்காத ஒரே இடம் அது.

"மம, மாத்தயா" என்றான் தயா. நான், ஐயா.

இன்ஸ்பெக்டர் திரும்பி அவனைப் பார்த்தார். இருபத்துநாலு வயது, யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. எதிர்பார்த்த விடை கிடைத்த முகம் அவருக்கு. என் பக்கம் பிறகு திரும்பவேயில்லை. சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். தராசு, பெட்டி, தாள், தயாவின் கடவுச்சீட்டு எல்லாவற்றையும் எடுத்தார்கள். என்னைக் கடந்து போகும்போது அவன், "அத்தான், தாச்சி கருகுது, அடுப்பை நிப்பாட்டுங்கோ" என்றான்.

அன்றைய குறிப்பு இப்படி இருக்கிறது: "05.40 சோதனை. தாளை யார் எழுதியது என்று கேட்டார்கள். 06.05 தயாவைக் கூட்டிச் சென்றனர்." இரண்டு வசனங்களுக்கும் இடையில் நான் ஒன்றும் எழுதவில்லை. இடம்கூட விடவில்லை.

4

பொலிஸ் நிலையத்துக்கு நடந்து பதினெட்டு நிமிடம். வழி முழுவதும் ஒரே வசனத்தை மனப்பாடம் செய்தேன்: ஏக்க லிவ்வே மம. அதை எழுதியது நான். ஏழேகாலுக்கு மேசைக்கு முன்னால் நின்றபோது, அது ஆப்ப ஐயா, வெறும் ஆப்ப என்றுதான் சொன்னேன். சுவரோரம் கிடந்த மர வாங்கில் உட்காரச் சொன்னார்கள். இருந்தேன். உள்ளேயிருந்து ஒருமுறை ஒரு சத்தம் கேட்டது. அது யாருடையது என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகச் சுவரில் இருந்த ஓடுகளை எண்ணினேன்.

இரண்டு நாற்பதுக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். மறுநாள் காலை ஒன்பதுக்கு வேறொரு பிரிவிலிருந்து ஆட்கள் வருவார்கள், பிடித்து வைத்திருப்பவர்களைப் பொறுப்பெடுப்பார்கள் என்றார். அப்படிப் பொறுப்பெடுக்கப்பட்ட இருவரை எங்கள் ஒழுங்கையில் எனக்குத் தெரியும். ஒருவரின் தாய் ஒன்றரை வருடமாகக் கொழும்பில் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

தாள் மேசையில் விரித்திருந்தது. அவருடைய விரல் கடைசி வரியில், கேள்விக்குறியில் இருந்தது. இது என்ன என்று கேட்டார். இன்னும் செய்து பார்க்கவில்லை, கணக்குத்தான் என்றேன். அப்படியானால் செய்து பார் என்றார். ஒரு கான்ஸ்டபிள் தராசையும் தாளையும் எடுத்துக்கொண்டு கூட வருவார். அவருக்கு முன்னால், தாளில் உள்ளபடி, அந்த வரியை நிறுத்துக் கரைக்க வேண்டும். சட்டியைக் கான்ஸ்டபிள் இங்கே கொண்டுவருவார். விடியும்வரை யாரும் தொடக் கூடாது. காலை ஏழுக்கு அடுப்பும் தாச்சியும் கொண்டுவந்து இங்கேயே சுட வேண்டும். ஆப்பம் வந்தால் இது ஆப்பத் தாள். வராவிட்டால் என்னவென்று அவர் சொல்லவில்லை.

அவர் விளையாடினாரா, உதவினாரா என்று நான் பத்து வருடமாக யோசிக்கிறேன். எந்த முடிவும் நிற்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, திரும்பி வந்த தராசைக் குசினியில் வைத்தேன். கான்ஸ்டபிள் வயதானவர், முக்காலியில் இருந்தார். மூன்று பேருக்கான வரி என்று பவானியிடம் சொன்னேன். அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

"மூண்டு பேருக்கு நான் கரைக்க மாட்டன். இந்த வீட்டிலை நாலு பேர்."

அவர்கள் கேட்பது அந்த வரியைத்தான் என்றேன்.

"அவனைக் கழிச்சுப்போட்டு, அவனுக்காகக் கரைக்கச் சொல்லுறியள்."

நானே நிறுக்கத் தொடங்கினேன். தட்டுகள் ஆடிக்கொண்டேயிருந்தன, நிற்கவில்லை. மேலே காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. கான்ஸ்டபிள் எழுந்துபோய்க் காற்றாடியை நிறுத்திவிட்டு வந்து இருந்தார். மா நூறு, நூறு, நூறு. சீனி பதினைந்து. உப்பு ஆறு. பிறகு ஈஸ்ட்.

2.2 போதாது. நாலு பேருக்கு வகுத்த கணக்கு பொய்த்ததை இரண்டு ஞாயிறு கண்டவன் நான். மூன்றுக்கு இன்னும் மோசம். மூன்று கிராமாவது வேண்டும். ஆனால் தாளில் 2.2 என்று இருக்கிறது, கான்ஸ்டபிள் எண்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கூடப் போட்டால் தாள் பொய். தாளின்படி போட்டால் மா பொங்காது. தகட்டு எடையை வைத்து 2.2 ஐச் சரியாக நிறுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சரியாக எதையும் நிறுத்ததில்லை. அவ்வளவு பிழையாகவும்.

அப்போது பவானி என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். தாளில் தேங்காய்த் தண்ணீர் அறுபது என்று இருந்தது. ஜன்னலடியில் சனிக்கிழமை உடைத்த தேங்காயின் தண்ணீர் ஒரு போத்தலில் மிஞ்சியிருந்தது. ஒரு நாள் வெக்கையில் கிடந்து புளித்து, ஈஸ்ட் போட்டதுபோல் நுரைத்திருந்தது. அதை எடுத்து அறுபது நிறுத்தாள். எந்த நாளைய தண்ணீர் என்று தாளில் இல்லை. தேங்காய்ப்பாலை அடுப்பில் காட்டி, விரல் தாங்கும் சூட்டில் ஊற்றினாள். சூட்டைப் பற்றியும் தாளில் இல்லை. கையால் வெகுநேரம் அடித்துக் கரைத்தாள். கான்ஸ்டபிளுக்குப் புளித்த வாசனை கட்டாயம் வந்திருக்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டியை வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தோம். அவர் முச்சக்கர வண்டியில் மடியில் வைத்துக்கொண்டு போனார்.

5

காலை ஆறு ஐம்பதுக்கு மண்ணெண்ணெய் அடுப்போடும் தாச்சியோடும் நிலையத்துக்குப் போனோம். அபியைக் கீழ்வீட்டில் விட்டிருந்தோம். சட்டி ஓர் இரும்பு அலுமாரியின் மேல் இருந்தது. துணி மேலே எழும்பி ஈரமாக இருந்தது. இன்ஸ்பெக்டர் தானே அவிழ்த்தார். மா விளிம்பைத் தொட்டு நின்றது.

பின்புறத்தில் அடுப்பைப் பற்றவைத்தோம். முதல் அப்பம் தாச்சியில் ஒட்டிக்கொண்டது. பவானி ஒன்றும் பேசாமல் சுரண்டி எறிந்துவிட்டு, எண்ணெய் தடவி அடுத்ததை ஊற்றிச் சுழற்றினாள். கரை பொரிந்து எழும்பியது. இன்ஸ்பெக்டர் நின்றபடியே இரண்டு சாப்பிட்டார். உப்புக் குறைவு என்றார். ஆளுக்கு இரண்டு கிராம் என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, அதுவும் வாயில் வரவில்லை. மிச்சத்தை மற்றவர்கள் சாப்பிட்டார்கள். மூன்று பேருக்கான மாவில் ஒன்பது அப்பம். தயாவுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு ஜீப் வந்தது. நாங்கள் வாங்கில் இருந்தோம். ஜீப் நாற்பது நிமிடம் நின்றது. போகும்போது பின்னால் இருவர் இருந்தார்கள். பவானி எழுந்து ஓடிப்போய் முகங்களைப் பார்த்துவிட்டு வந்து இருந்தாள். பதினொன்று இருபதுக்குத் தயாவை வெளியே விட்டார்கள்.

கடவுச்சீட்டை விசாரணைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அது ஓகஸ்ட் மாதம் வந்தது. வியாழக்கிழமை நேர்முகம் போய்விட்டது, பிறகு அந்தத் தூதரகம் அவனைக் கூப்பிடவில்லை. இடது காதில் அன்று காய்ந்த இரத்தம் இருந்தது. இன்றைக்கும் தொலைபேசியை வலது காதில்தான் வைப்பான்.

வரும் வழியில் முச்சக்கர வண்டிக்குள், "தயா, அந்தத் தாள்" என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அத்தான். பசிக்குது."

2001 இல் நாங்கள் மூன்று பேர் இந்த நாட்டுக்கு வந்தோம். தயா வத்தளையில் இருக்கிறான், இரும்புக்கடை ஒன்றில் வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். பிறகு நான் எந்தச் சமையல் அளவையும் தாளில் எழுதியதில்லை. இல்லத்துக் கஞ்சிக் கணக்கையும் மனதிலேயே போடுகிறேன். நல்ல ஞாபகசக்தி என்று மேலதிகாரி பாராட்டுகிறாள்.

6

இனி இன்றைக்கு வருகிறேன். இரண்டு கிழமைக்கு முன் தயா தொலைபேசி எடுத்தான். அங்கே திரும்பவும் வீடுவீடாகப் பதிவாம், இரண்டு தரம் வந்து போய்விட்டார்கள். எல்லாப் பத்திரங்களையும் பிரதி எடுத்துத் திகதி வரிசையில் வைத்திருக்கிறேன் அத்தான், உங்களைப் போல என்றான். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. இங்கே தொலைபேசி அடித்தால் முதலில் கடிகாரத்தைப் பார்த்து மூன்றரை மணித்தியாலம் கூட்டுகிறேன். அங்கே விடியற்காலையாக இருந்தால் எடுப்பதற்கு முன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்.

அபிக்கு நான் உண்மை சொல்லாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அவள் மாமனோடு தொலைபேசியில் கதைப்பவள், சின்னப் பிள்ளை, எதையாவது உளறினால் அங்கே யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நான் நிறுத்துப் பார்த்ததில்லை.

மாலையில் பவானி போஞ்சி அரிந்துகொண்டிருந்தபோது, அபி ஒரு ஆளுக்கு அப்ப அளவு கேட்டாள் என்று சொன்னேன். கேட்டால் எழுதி அனுப்ப வேண்டியதுதானே என்றாள். அந்தத் தாளைப் பற்றியும் கேட்டாள், மாமா எழுதியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். கத்தி நின்றது. பத்து வருடத்தில் நாங்கள் இருவரும் இதைப் பற்றிக் கதைத்தது இல்லை. பவானிக்கு என் எழுத்தைத் தெரியாதா என்ன.

"அவன் உங்களுக்காகச் சொல்லேல்லை" என்றாள். "பிள்ளை உங்கடை சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். அதைப் பாத்துத்தான் சொன்னவன். அண்டைக்கே எனக்குச் சொன்னவன்."

நான் அரிந்த போஞ்சியைக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டேன். அவள் விடவில்லை.

"நீங்கள் அளவு அனுப்பினாலும் அவள் அவனைக் கேப்பாள். இண்டைக்கில்லாட்டி நாளைக்கு, விளையாட்டாக் கேப்பாள். மாமா, அந்தத் தாள் நீங்கள்தானே எழுதினது எண்டு. அவன் என்ன சொல்லுவான்?"

போஞ்சியை மறுபடி அரியத் தொடங்கினாள்.

"ஓம் எண்டுதான் சொல்லுவான். அந்தப் போனிலை, இந்த நேரத்திலை. இன்னொருக்கா."

படுக்கப் போகும்வரை இதை எழுதிக்கொண்டிருந்தேன். அபிக்கு எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்து மூன்றையும் வெட்டினேன். ஒவ்வொன்றிலும் காரணங்கள் முதலில் வந்தன.

ஜூன் 15, ஞாயிறு. நாலு ஐம்பதுக்கு எழும்பினேன். இந்த மாதத்தில் இங்கே அந்த நேரத்துக்கே நல்ல வெளிச்சம். எங்கள் ஆட்களிடையே விடியற்புறம் யாரும் யாருக்கும் தொலைபேசி எடுப்பதில்லை. எடுத்தால் சாவீட்டுச் செய்தி. அது தெரிந்தும், எட்டு மணிவரை இருந்தால் இதுவும் தொண்டைக்குள் போய்விடும் என்ற பயத்தில், முகம் கழுவாமல், தேநீருக்குத் தண்ணீர் வைக்காமல், அபியின் இலக்கத்தை அழுத்தினேன். நாலு தரம் அடித்தது.

"அப்பா? ஆருக்கு என்ன? மாமாக்கு ஏதுமோ?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்றேன். "அந்தத் தாள் நான் எழுதினது."

மறுபக்கத்தில் அவள் கட்டிலில் எழும்பி உட்காருகிற சத்தம் கேட்டது.